ஷார்ஜா மில்க் ஷேக்கிலிருந்து உப்புப் போட்ட அன்னாசிக்கு: குமரிக் கடற்கரைக் கால்பந்து அணி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

விளையாடுகிற பிள்ளைக்குப் பழச்சாறு கொடுக்கலாமா என்று பெற்றோர் கேட்டால் நான் சில கேள்விகளைத் திருப்பிக் கேட்பேன். எத்தனை மணிக்கு ஆட்டம்? எவ்வளவு நேரம் ஓடப் போகிறான்? சாறில் தண்ணீர் எவ்வளவு, சீனி எவ்வளவு, உப்பு உண்டா? இந்த விவரங்கள் தெரியாமல் ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல முடியாது. இனிப்பான ஒரு கிளாஸ் ஒரு பையனை இரண்டாம் பாதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அதே பையன் வேறொரு கலவையைக் குடித்துக் கடைசி நிமிடம் வரை ஓடியதையும் பார்த்திருக்கிறேன். அவன் கதைதான் இது. பெயரும் ஊரும் வேண்டாம்.

பையனும் களமும்

வயது 16, பிளஸ் ஒன் படிக்கிறான், நடுக்கள ஆட்டக்காரன். குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடைப்பட்ட ஒரு கடற்கரை ஊர். அப்பா கடலுக்குப் போகிறவர். இந்தக் கரையில் கால்பந்து எப்படி ஊறிக் கிடக்கிறது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கோயில் மைதானத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள் கடற்கரை மணலிலேயே இரண்டு செருப்பை வைத்து கோல் போஸ்ட் ஆக்கிவிடுவார்கள். தூத்தூர்ப் பக்கத்துக் கரையிலிருந்து மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன பிறகு, ஒவ்வொரு ஊரிலும் பத்துப் பையன்களாவது அந்தக் கனவோடுதான் பூட்ஸ் கட்டுகிறார்கள்.

நான் உடற்கல்வி ஆசிரியர். மாலையில் இந்த அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். மார்ச், ஏப்ரலில் பயிற்சி கடுமையாக இருக்கும், ஏனென்றால் கோடை விடுமுறையில்தான் தொடர் ஆட்டங்கள் வரும். மாலை நாலரைக்குத் தொடங்கினால் ஆறு மணிக்கு முடியும். அந்த நேரத்தில் வெயில் தாழ்ந்திருந்தாலும் புழுக்கம் குறையாது. திருநெல்வேலி வெயிலோடு ஒப்பிட்டால் நம் மாவட்டத்தில் சூடு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உடம்பு குளிர வேண்டுமென்றால் வியர்வை ஆவியாக வேண்டும். கடற்கரைக் காற்றில் ஈரம் கூடுதல், அதனால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நீரும் உப்பும் போய்க்கொண்டிருக்கும், உடம்போ அந்த அளவுக்குக் குளிராது.

என்ன தொந்தரவு

"வயித்துக்குள்ள ஏதோ கிடந்து ஆடுது சாரே" என்பதுதான் அவன் முதலில் சொன்னது. இரண்டாம் பாதி தொடங்கிப் பத்து நிமிடத்தில் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிவான். ஆட்டம் முடியும் நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போனால் தலைவலி. அவன் அம்மாவிடம் பேசியபோது இன்னொன்றும் தெரிந்தது. "எனக்க மோன் களி (ஆட்டம்) முடிஞ்சி வந்தா சோறே தின்ன மாட்டேங்கான் சாரே. கலர் குடிச்சிட்டு அப்படியே படுத்திருவான்" என்றார்.

அவன் ஒரு நாளில் என்ன தின்கிறான், என்ன குடிக்கிறான் என்று நேர வாரியாக எழுதி வரச் சொன்னேன். மதியம் பன்னிரண்டரைக்குச் சோறு. அதன் பிறகு பள்ளியில் இரண்டு மடக்குத் தண்ணீர். நாலு மணிக்கு, மைதானத்துக்கு வரும் வழியில் முக்கில் உள்ள ஜூஸ் கடையில் ஒரு ஷார்ஜா. பயிற்சி முடியும் வரை ஒரு கிளாஸ் தண்ணீர். முடிந்ததும் குளிர்பானம், இல்லையென்றால் குலுக்கி சர்பத். அணியில் பாதிப் பேருடைய தாளில் இதேதான் இருந்தது.

ஷார்ஜா எப்படிப் போடுகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். உறைந்த பால், ஒரு ரசகதலிப் பழம், இரண்டு மூன்று கரண்டி சீனி, மேலே பூஸ்ட். 300 மில்லி கிளாஸில் மொத்தச் சர்க்கரை 40 கிராமுக்குக் குறையாது. சுவையில் குறை சொல்ல முடியாது. பையன்கள் அதை "தெம்பு" என்று நம்பிக் குடிக்கிறார்கள், அந்த நம்பிக்கையில் ஒரு பாதி சரியும்கூட. ஓடும் தசைக்குச் சர்க்கரை வேண்டும். சிக்கல் நேரத்திலும் அடர்த்தியிலும் இருந்தது.

குடித்தது வயிற்றிலிருந்து சிறுகுடலுக்கு இறங்கிய பிறகுதான் இரத்தத்தில் சேரும். பாலும் கொழுப்பும் இருந்தால் அது மெதுவாக இறங்கும். சர்க்கரை அடர்த்தி பத்து, பன்னிரண்டு சதவீதத்தைத் தாண்டினாலும் தாமதம்தான். அப்படி அடர்த்தியாகக் குடலுக்குள் போனது முதலில் உடம்பிலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். ஓடும்போதோ இரத்தம் கால்களுக்குப் போகிறது, குடலுக்கு வருவது குறைகிறது. அரை மணி நேரத்துக்கு முன் குடித்த ஷார்ஜா உள்ளேயே கிடந்து குலுங்காமல் என்ன செய்யும்?

சீனி சேர்க்காத தனிப் பழச்சாறு குடித்தாலும் இதே தொந்தரவு வரலாம். அன்னாசி, ஆரஞ்சுச் சாறுகளில் இயல்பாகவே 8 முதல் 13 சதவீதம் சர்க்கரை உண்டு, திராட்சையில் 15 வரை போகும். அதில் கணிசமான பங்கு ஃபிரக்டோஸ். குளுக்கோஸ் சோடியத்தின் கைபிடித்துக் குடல் சுவரைக் கடக்கும், கூடவே தண்ணீரும் போகும். ஃபிரக்டோஸுக்கு வேறு வழி, அது வேகம் குறைந்த வழி. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இந்தச் சோடியம், குளுக்கோஸ் கூட்டணியால்தான். நம் கலவைக்கும் அடிப்படை அதுவே.

எடை போட்டுப் பார்த்தோம்

ஆய்வகம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு டிஜிட்டல் எடை மெஷின், ஒரு துண்டு, அளவு போட்ட பாட்டில், இவ்வளவுதான். பயிற்சிக்கு முன் உள்ளாடை போன்ற குறைந்த உடையில் எடை, முடிந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடியும் எடை. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். நடுவில் குடித்ததையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அவன் 58 கிலோவில் தொடங்கி 56.7-ல் முடித்தான். நடுவில் குடித்தது 200 மில்லி. அப்படியானால் ஒன்றரை மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வியர்வை. உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் நீண்ட நேர ஓட்டம் தளரத் தொடங்கும் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட எல்லை. 58 கிலோவுக்கு அது 1.16 கிலோ. இவன் அதைத் தாண்டியிருந்தான். எண்ணைக் காட்டியபோது பையன் முகம் மாறியது. நான் வருஷக்கணக்காக "தண்ணி குடிலே மக்கா" என்று கத்தியதைவிட அந்த மெஷின் ஒரு தடவை காட்டியது அவனுக்கு நன்றாக உறைத்தது.

கலவை

இலக்கு எளிது. ஆட்டத்தின்போது குடிக்கும் பானத்தில் 6 சதவீதத்தை ஒட்டிச் சர்க்கரை, லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் சோடியம். கடைகளில் விற்கும் விளையாட்டுப் பானங்களின் அளவும் கிட்டத்தட்ட இதுதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஆடுகிறவருக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து (சர்க்கரையும் இதில் சேர்த்தி) போதும் என்பார்கள். 6 சதவீதக் கலவையில் அரை லிட்டர் குடித்தால் 30 கிராம் கிடைத்துவிடும்.

ஊர் மகளிர் குழுவில் உள்ள அம்மாக்கள் சிலர் சாறு எடுத்துத் தர முன்வந்தார்கள். அன்னாசியில் தொடங்கினோம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் கன்று சின்னதாக இருக்கும் வருஷங்களில் இடையில் அன்னாசி போடுவார்கள், அதனால் பழத்துக்குப் பஞ்சமில்லை. நன்றாகப் பழுத்ததாக, அடியில் மணம் வருவதாக எடுக்க வேண்டும். தோலை ஆழமாகச் சீவி, கண்களைக் கத்தி முனையால் சாய்வாகத் தோண்டி எடுத்து, நடுத்தண்டை நீக்கிவிட்டுத் துண்டு போட்டார்கள். மிக்சியில் தண்ணீர் விடாமல் ஒரு சுற்று, அப்புறம் மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டு. எவர்சில்வர் வடிகட்டி போதாது. நார் தங்கிவிட்டால் பாட்டில் மூடியின் துளையை அடைத்துவிடும், வயிற்றிலும் கனமாகக் கிடக்கும். மேலே நிற்கும் நுரையைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டால் அளவு சரியாக வரும்.

சாறு அரை லிட்டர், கொதித்து ஆறிய தண்ணீர் அரை லிட்டர், உப்பு கால் டீஸ்பூன். சீனி சேர்க்கவே இல்லை. கால் டீஸ்பூன் தட்டி அளந்தால் ஒன்றரை கிராம் உப்பு வரும், அதில் சோடியம் 600 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். முதல் நாள் பையன்கள் முகத்தைச் சுளித்தார்கள், "கடல் தண்ணி மாதிரி இருக்கு சாரே" என்று. ஒரு வயதான அம்மா அதில் அரை நாரங்கா (எலுமிச்சை) பிழிந்து, இஞ்சித் துண்டு ஒன்றைத் தட்டிப் போட்டார். உப்பு அதே அளவுதான், ஆனால் உறைப்பும் புளிப்பும் சேர்ந்ததும் உப்பு முன்னால் வந்து நிற்கவில்லை. அதற்குப் பிறகு பாட்டில் மிஞ்சவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். வியர்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த உப்பு கரிப்பதில்லை. நிழலில் உட்கார்ந்து ருசி பார்த்தவர்கள்தான் கூடுதல் என்றார்கள். எனவே கலவையை மைதானத்தில் ஓடிய பிறகு ருசி பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆரஞ்சில் வேறு பாடம். மிக்சியில் விதையோடு அடித்தால் முதலில் நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் கசந்துவிடும். விதையிலும் வெள்ளைத் தோலிலும் உள்ள ஒரு பொருள் சாறின் புளிப்பில் மெல்ல மெல்லக் கசப்பாக மாறுவதுதான் காரணம். குறுக்கே வெட்டிக் கையால் பிழிந்து, விதையை உடனே நீக்கினால் அந்தத் தொல்லை இல்லை. அளவு அன்னாசியைப் போலவே பாதிக்குப் பாதி.

எனக்கு மிகவும் பிடித்தது தர்ப்பூசணி. அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், சர்க்கரை 6, 7 சதவீதம். நாம் கஷ்டப்பட்டு நீர் சேர்த்துக் கொண்டுவரும் அளவை அது இயற்கையாகவே வைத்திருக்கிறது. வடிகட்டி, உப்பும் நாரங்காவும் சேர்த்தால் முடிந்தது. சிட்ருலின் என்ற அமினோ அமிலமும் அதில் உண்டு. 2013-ல் ஸ்பெயினில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், தர்ப்பூசணிச் சாறு குடித்தவர்களுக்கு மறுநாள் தசைவலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன். மலிவாகவும் தாகத்துக்கு இதமாகவும் இருக்கிறதே, மார்ச் மாதத்தில் அதுவே பெரிய விஷயம்.

குடிக்கும் முறையையும் மாற்றினோம். ஷார்ஜாவை நாலு மணியிலிருந்து எடுத்துவிட்டோம். மூன்று மணி வாக்கில், பள்ளி விடுவதற்கு முன்பே, ஒரு மட்டி வாழைப்பழமும் இரண்டு கிளாஸ் தண்ணீரும். பயிற்சியில் ஒவ்வொரு 15, 20 நிமிடத்துக்கும் 150 மில்லி, வாயில் வைத்து மெல்ல விழுங்க வேண்டும். ஒரே மூச்சில் பாட்டிலைக் கவிழ்க்கக் கூடாது. ஆட்ட நாளில் இடைவேளையில் 300 மில்லி.

கருக்கு என்னும் இளநீரைப் பற்றி

இங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி: "நம்ம ஊர்ல கருக்கு இருக்கும்போது எதுக்கு சாரே இதெல்லாம்?" நியாயமான கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, 100 மில்லியில் 250 மில்லிகிராம் வரை இருக்கும். சர்க்கரையும் குறைவு, வயிற்றைத் தொந்தரவு செய்யாது. ஆனால் வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். லிட்டருக்கு ஒரு கிராம் வரை சாதாரணமாகப் போகும், சிலருக்கு இன்னும் கூடும். பனியன் காய்ந்த பிறகு முதுகில் வெள்ளைக் கோடு படிகிறதே, அவர்கள் உப்பு வியர்வைக்காரர்கள். பொட்டாசியம் வியர்வையில் போவது கொஞ்சம்தான். எனவே கருக்கை வெறுமனே குடித்தால் போனது ஒன்று, வந்தது இன்னொன்று. இரண்டு சிட்டிகை உப்புச் சேர்த்தால் அருமையான பானம். ஆட்டம் முடிந்து உப்புள்ள சாப்பாட்டோடு குடித்தால் அந்தச் சிட்டிகையும் வேண்டாம். நான் கருக்குக்கு எதிரி இல்லை, ஆட்டத்துக்குப் பிறகு எங்கள் பையன்கள் முதலில் கை நீட்டுவது அதற்குத்தான்.

அக்கானி (பதநீர்) இறங்கும் பருவத்தில் அதையும் கேட்பார்கள். அதில் சர்க்கரை பத்து சதவீதத்துக்கு மேல் என்பதால் பழச்சாறைப் போலவே பாதிக்குப் பாதி நீர் சேர்க்க வேண்டும், அன்றே இறக்கியதாக இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு

இங்கேதான் கெட்டியான சாறுக்கு இடம். ஓடி முடித்த முதல் சில மணி நேரத்தில் தசை சர்க்கரையை ஆவலோடு சேமிக்கும், வயிறும் குலுங்காது. அதனால் ஷார்ஜாவை நாங்கள் முற்றாக ஒதுக்கவில்லை, ஆறு மணிக்குப் பிறகு தள்ளி வைத்தோம். வீட்டில் செய்ததுதான்: ஒரு ஏத்தம்பழம் (நேந்திரன்) அல்லது இரண்டு மூன்று மட்டி, ஒரு கிளாஸ் பால் அல்லது தயிர், சீனி இல்லை. குமரி மட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிள்ளைகளுக்கு முதன்முதலில் ஊட்டும் பழமாகவே நாம் அதைப் பார்க்கிறோம், ஆட்டக்காரனுக்கும் அது நல்ல தீனி. 2012-ல் அமெரிக்காவில் அப்பலேச்சியன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வில், 75 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டியவர்கள் வாழைப்பழம் தின்றபோதும் விளையாட்டுப் பானம் குடித்தபோதும் ஒரே அளவு நன்றாகத்தான் ஓட்டினார்கள்.

ஆனால் பழச்சாறில் புரதம் இல்லை. தேய்ந்த தசையைச் சரிசெய்ய ஒரு வேளைக்கு 20 கிராம் வாக்கில் புரதம் வேண்டும். கடற்கரை வீட்டில் அதற்கு டப்பா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன் குழம்பும், இல்லையென்றால் கஞ்சியும் பயறும். கஞ்சியில் தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் உண்டு, பயறு புரதம் தரும். விளம்பரத்தில் வருகிற எந்தப் பொடியையும்விட இதை நான் மேலாக மதிக்கிறேன். குறைந்த எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை லிட்டர் என்ற கணக்கில் படுக்கைக்குப் போகும் வரை நீர் உள்ளே போக வேண்டும், கஞ்சித் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும்.

என்ன மாறியது

வயிற்றுத் தொந்தரவுதான் முதலில் போனது, ஷார்ஜாவை நிறுத்திய வாரத்திலேயே. எடை போட்டால் இப்போது குறைவது 700, 800 கிராம், அதாவது எல்லைக்கு உள்ளே. பயிற்சியில் அவன் முக்கால் லிட்டர் குடிக்கிறான். தலைவலி இல்லை. இரவுச் சாப்பாடு திரும்பி வந்ததில் அவன் அம்மாவுக்குத்தான் எங்கள் எல்லோரையும்விட மகிழ்ச்சி.

கெண்டைக்கால் பிடிப்பும் குறைந்தது. ஆனால் அந்தப் பெருமை முழுவதையும் பாட்டிலுக்குக் கொடுக்க மாட்டேன். தசைப்பிடிப்பில் உப்பைவிடத் தசைச் சோர்வுக்குப் பங்கு அதிகம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதே வாரங்களில் அவன் ஓட்டப் பயிற்சியும் கூடியிருந்தது, கால் பலப்பட்டிருந்தது. இரண்டையும் பிரித்துக் காட்ட இந்த ஒரு பையனை வைத்து முடியாது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

முதலாவது ஐஸ். நம் கரையில் ஐஸ் கட்டி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் மீன் பெட்டிக்குப் போகும் ஐஸ் குடிநீரில் செய்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சாறில் அதைப் போடவே கூடாது. பாட்டிலைச் சுற்றி வைத்துக் குளிர்விக்கலாம், அதுவும் மூடி இறுக்கமாக இருந்தால். சாறு பிழிந்து இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துவிட வேண்டும். வெயிலில் வைத்த பழச்சாறு கிருமிகளுக்கு விருந்து. மிக்சி ஜாரின் பிளேடுக்கு அடியிலும் வடிகட்டும் துணியிலும் பழைய சாறு தங்கும், அங்கேதான் கவனம் வேண்டும்.

இரண்டாவது, புளிச்சிக்காய் என்றும் பிலிம்பி என்றும் சொல்லும் காய். வீட்டுக்கு வீடு மரம் நிற்பதால், கொழுப்பைக் கரைக்கும், உடம்பு மெலியும் என்று அதைச் சாறு பிழிந்து குடிக்கும் பழக்கம் இருக்கிறது. அதில் ஆக்சாலிக் அமிலம் மிக அதிகம். அப்படிச் சாறு குடித்த பத்துப் பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்திருக்கிறார்கள். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த ஆபத்து இன்னும் கூடும். மீன் குழம்பில் இரண்டு காய் போடுவது வேறு, கிளாஸ் கிளாஸாகக் குடிப்பது வேறு. நட்சத்திரப் பழச் சாறுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மூன்றாவது பல். புளிப்புப் பானத்தை ஒன்றரை மணி நேரம் சிறிது சிறிதாகக் குடிக்கும்போது பல்லின் மேற்பூச்சு மெல்ல அரிக்கும். முடிந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல்கிறேன், உடனே பல் தேய்க்க வேண்டாம் என்றும்.

சங்குத்துறைக் கடற்கரையிலும் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்திலும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கும் பெரியவர்கள் இந்தக் கலவையைக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நடைக்குத் தண்ணீர் போதும், பழத்தை முழுதாகக் கடித்துத் தின்றால் நாரும் கிடைக்கும். பிழிந்த சாறின் சர்க்கரையை உலக சுகாதார நிறுவனம் சேர்த்த சீனியோடு சேர்த்துத்தான் எண்ணுகிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்தச் சாறும், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு இந்த உப்பும், சிறுநீரகக் குறை உள்ளவருக்குக் கருக்கின் பொட்டாசியமும் கேடு செய்யலாம். மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

அண்ணன்மார் கையில் பாட்டிலைப் பார்த்துவிட்டு, பத்து வயதுப் பிள்ளைகளும் இப்போது வரிசையில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் ஆடுவது நாற்பது நிமிடம். ஆளுக்கு ஒரு மட்டிப் பழம், ஒரு கிளாஸ் தண்ணீர், அது அவர்களுக்குத் தாராளம். பாட்டில் வேண்டுமென்று அடம் பிடிக்கிறவர்களுக்குப் பாட்டிலிலேயே தண்ணீரை ஊற்றிக் கொடுக்கிறோம்.